அப்பாவின் தோரன்ஸை மாற்றலாமா?

கேள்வி: என் அப்பா 1974ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்த தோரன்ஸ் டி.டி. 160 ரெக்கார்ட் பிளேயர் எங்கள் திருச்சி வீட்டில் இருக்கிறது. அதில் ஷூர் எம்75 வகைக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பாகம்) பூட்டியிருக்கிறது. அப்பா மறைந்த பின் பன்னிரண்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றதும் துடைத்து ஓடவிட்டேன். தொடக்கத்தில் சுருதி இறங்கி ஒலித்து, சில நிமிடங்களில் நிமிர்கிறது. பின்னணியில் ஓர் ஓயாத இரைச்சல் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு கரகரக்கிறது. என்னிடம் 160 எல்.பி. தட்டுகளும் (33⅓ வேகத்தில் நீண்ட நேரம் ஓடுபவை), தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகள் நாற்பதும் உள்ளன. கடையில் காட்டியபோது, பழையதற்குச் செலவழிப்பது வீண், புளூடூத் உள்ள புதியது வாங்குங்கள் என்றார்கள். மகனின் நண்பர் அமெரிக்காவிலிருந்து ஒன்று கொண்டுவரத் தயாராக இருக்கிறார். 70,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். மாற்றலாமா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: அன்புள்ள ஐயா, வணக்கம். நீங்கள் சொல்லியிருக்கும் மூன்று குறைகளில் ஒன்றுகூட அந்தச் சாதனத்தின் வயதால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதன் மேல் பூட்டப்பட்டிருக்கும் தேயும் பொருள்களின் வயதாலும் இணைப்புகளின் வயதாலும் வந்தவை அவை. பெல்ட், எண்ணெய், ஊசி ஆகிய மூன்றும் மாற்றப்படுவதற்காகவே செய்யப்பட்டவை. அவற்றை மாற்றாமல் சாதனத்தையே மாற்றுவது, சக்கரத்தில் காற்று இறங்கியதற்காக வண்டியை விற்பதைப் போன்றது. ஆனால் உங்கள் கடிதத்தில் நான்காவதாக ஒரு செய்தி இருக்கிறது. நீங்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, கடைக்காரரும் அதைப் பற்றிக் கேட்டதாகத் தெரியவில்லை. உங்களிடம் நாற்பது 78 வேகத் தட்டுகள் இருக்கின்றன, டி.டி. 160இலோ நிமிடத்துக்கு 33⅓ சுற்று, 45 சுற்று என்ற இரண்டு வேகங்கள் மட்டுமே உண்டு. புதிய சாதனம் ஒன்று உங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்படுமானால், அது அந்த நாற்பது தட்டுகளுக்காகத்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், உங்களிடம் இருப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோரன்ஸ் 1883ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் செயின்ட் குரோய் ஊரில் தொடங்கிய நிறுவனம். 1966இல் அதன் உற்பத்தி ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியிலுள்ள லார் என்ற ஊருக்கு மாறியது. டி.டி. 160 அங்கே 1972 முதல் செய்யப்பட்டது. அதில் ஏறக்குறைய 3 கிலோ எடையுள்ள சுழல்தட்டு இரண்டு பகுதிகளாக அமைந்திருக்கும். உள்தட்டைப் பெல்ட் சுற்றும், அதன் மேல் கனமான வெளித்தட்டு உட்காரும். சுழல்தட்டும் டோன் ஆர்மும் (கார்ட்ரிட்ஜைத் தாங்கித் தட்டின் மேல் நகரும் கை) மூன்று சுருள்வில்களில் தொங்கும் ஒரே சட்டத்தில் இருப்பதால், மோட்டாரின் அதிர்வும் நம் காலடி அதிர்வும் ஊசியை எளிதில் எட்டுவதில்லை. இன்று கடைகளில் தொடக்க விலையில் கிடைக்கும் பெரும்பாலான புதிய சாதனங்களில் இந்தத் தொங்கு சட்டம் கிடையாது. எம்.டி.எஃப். என்னும் மரநார் அழுத்திய பலகையில் நேராகப் பொருத்திய, எடை குறைந்த சுழல்தட்டுதான் இருக்கும். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவற்றில் நல்லவை உண்டு. ஆனால் பழையதிலிருந்து அதற்குப் போவதை மேம்பாடு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வயதை அளவுகோலாக வைப்பதே பிழையான தொடக்கம். இங்கிலாந்தின் சுவிண்டனில் 1954இல் வெளிவந்த காரார்ட் 301ஐ இன்றும் தேடி வாங்குகிறார்கள். மோட்டாரின் மீதே சுழல்தட்டை உட்காரவைக்கும் நேரடி இயக்கத்தை டெக்னிக்ஸ் 1970இல் எஸ்.பி. 10 மூலம் கொண்டுவந்தது. வேகத்தைப் படிகத் துடிப்பால் நிலைநிறுத்தும் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டோடு எஸ்.எல். 1200 எம்.கே.2 வந்தது 1979இல். அந்த வரிசையை 2010இல் நிறுத்திய அதே நிறுவனம், 2016இல் மீண்டும் செய்யத் தொடங்கியது. இத்துறையில் அடிப்படை இயந்திரவியல் 1970களிலேயே முதிர்ந்துவிட்டது. அதற்குப் பின் பெரிதும் முன்னேறியவை ஊசி முனையின் செதுக்கமும், மோட்டாரை இயக்கும் மின்னணுவும்தான். இவற்றுள் முதலாவதைப் பழைய சாதனத்திலேயே நீங்கள் பூட்டிக்கொள்ளலாம்.

இனி உங்கள் குறைகளுக்கு வருவோம். தொடக்கத்தில் சுருதி இறங்கிப் பின் நிமிர்வது, பெரும்பாலும் நீண்டு தளர்ந்த பெல்ட்டும் உலர்ந்த எண்ணெயும் சேர்ந்து செய்யும் வேலை. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே நிலையில் நின்ற ரப்பர், புல்லியைச் சுற்றிய இடத்தில் வளைவை வாங்கிக்கொண்டு இறுகியிருக்கும். நடுத் தண்டின் எண்ணெயும் பிசினாகக் கெட்டியாகி, ஓடிச் சூடேறிய பின்னரே இளகும். இதை உறுதிசெய்ய எந்தக் கருவியும் வேண்டாம். சுழல்தட்டின் விளிம்பில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டி, தட்டைப் போட்டு, ஊசியையும் இறக்கிவிட்டு, 100 சுற்றுகளை எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் அதற்குச் சரியாக 3 நிமிடம் ஆக வேண்டும். இரண்டு விநாடி கூடுதலாக எடுத்தால் வேகம் ஏறக்குறைய ஒரு விழுக்காடு குறைவு என்று பொருள். சாதனத்தைப் போட்டவுடன் ஒரு முறையும், அரை மணி நேரம் ஓடிய பின் ஒரு முறையும் எண்ணுங்கள். இரண்டாவது கணக்கு சரியாக வந்து முதலாவது மட்டும் நீண்டால், மோட்டார் நலமாக இருக்கிறது. பெல்ட்டையும் எண்ணெயையும் மாற்றினால் போதும். பெல்ட்டை டி.டி. 160க்கு உரிய அளவிலேயே கேட்டு வாங்குங்கள். கைக்குக் கிடைத்த ரப்பர் வளையத்தைப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அது வேகத்தையும் கெடுக்கும், மோட்டார் அச்சையும் இழுக்கும். புதிய பெல்ட்டைப் போடும் முன் புல்லியையும் உள்தட்டின் விளிம்பையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

நம் இசையைக் கேட்பவர்களுக்கு வேகக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு தனி வசதி இருக்கிறது. கச்சேரித் தட்டுகளில் பின்னால் ஓடும் தம்புராவை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். அது நிமிடக் கணக்கில் மெல்ல ஏறினால் நான் மேலே சொன்ன குறை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, அதாவது 1.8 விநாடிக்கு ஒரு முறை, ஊஞ்சலைப் போல அலைந்தால், அந்தத் தட்டின் நடுத்துளை மையம் விலகி இருக்கலாம். வேறொரு தட்டைப் போட்டுப் பாருங்கள். அதில் அலைவு இல்லையென்றால் சாதனத்தின் மீது பழி இல்லை. இந்தச் சோதனையைச் செய்யாமலேயே நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டி.டி. 160இன் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுழலும் சிங்க்ரனஸ் வகையைச் சேர்ந்தது. பதினாறு துருவங்கள் கொண்ட அது 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 375 முறை சுற்றும். மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் அது பெரிதாகக் கவலைப்படாது. ஆனால் அதிர்வெண் இறங்கினால் சுருதியும் அதோடு இறங்கும். முன்பெல்லாம் தென்மண்டல மின்தொகுப்பில் மாலை வேளைகளில் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸுக்கும் கீழே போனதுண்டு. இரண்டு விழுக்காடு குறைந்தால், அரைக்கட்டைச் சுருதியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கூர்மையான காதுகள் அதைக் கண்டுகொள்ளும். 2013 டிசம்பர் 31ஆம் நாள் தென்மண்டலத் தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்த பிறகு நிலைமை நன்றாகச் சீரடைந்திருப்பதால், இன்று அதற்காக மட்டும் குவார்ட்ஸ் சாதனம் வாங்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பழைய சதுர அலை வகையாக இருந்தால், மின்தடை நேரத்தில் இந்த மோட்டாரை அதில் ஓட்ட வேண்டாம். மோட்டார் உறுமும், சூடேறும்.

அமெரிக்காவிலிருந்து வரவிருக்கும் சாதனத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி ஒன்றை வைத்து வோல்ட்டைக் குறைத்துவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். மின்மாற்றி அதிர்வெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கான புல்லி பூட்டிய சிங்க்ரனஸ் மோட்டார் சாதனம் இங்கே ஓடினால் 33⅓க்குப் பதில் 27.8 சுற்றுதான் சுற்றும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவரின் குரல் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். நேர்மின் மோட்டாரோ குவார்ட்ஸ் கட்டுப்பாடோ உள்ள புதிய சாதனங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எனினும் அடியிலோ பின்புறத்திலோ இருக்கும் தகட்டில் எழுதியுள்ள வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். உத்தரவாதம் அந்த நாட்டோடு நின்றுவிடக்கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது குறை இரைச்சல். இதில் இரண்டு வகை உண்டு. அவற்றைப் பிரித்தறியாமல் ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள். ஊசியைத் தட்டிலிருந்து தூக்கிய பிறகும் இரைச்சல் இருந்தால் அது மின்சாரத்தால் வருவது. பெரும்பாலும் கார்ட்ரிட்ஜிலிருந்து ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) வரை வரும் கம்பிகளில் ஏதோ ஓர் இணைப்பு துரு ஏறியோ எர்த் கம்பி விட்டுப்போயோ இருக்கும். கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே, அதை நூறு மடங்கு பெருக்கித்தான் ஆம்ப் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இணைப்பில் புகும் சிறு இரைச்சலும் நூறு மடங்காகிவிடும். மாறாக, ஊசி தட்டில் இருக்கும்போது மட்டும் அடித்தொண்டையில் உருளும் ஓசை எழுந்தால், அது அச்சிலிருந்து வரும் இயந்திர அதிர்வு. நீங்கள் எழுதியிருப்பது ஓயாத இரைச்சல். தட்டு ஓடாதபோதும் அது இருப்பதாக உங்கள் சொற்களிலிருந்து ஊகிக்கிறேன். அப்படியானால் முதல் வகைதான். இணைப்புகளைச் சுத்தம் செய்து எர்த் கம்பியை ஆம்பின் திருகில் இறுக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். புதிய சாதனம் வாங்கி, அதே தளர்ந்த எர்த் திருகில் அதைப் பூட்டினால் அதே இரைச்சல்தான் உங்களை வரவேற்கும்.

மூன்றாவது குறையில் சற்று நிற்க விரும்புகிறேன். ஏனென்றால் உங்கள் தட்டுகளைக் கெடுத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் கரகரப்பதற்குக் காரணம் எளிது. தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கடியில் வரிப்பள்ளம் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மையத்துக்கு அருகே வரும்போது அந்த வேகம் விநாடிக்கு 20 சென்டிமீட்டரை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருப்பதால், தேய்ந்த ஊசியோ கோணம் பிசகிய ஊசியோ அந்த நுண்மையைப் பின்பற்ற முடியாமல் பள்ளத்தின் சுவரை உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசல்தான் 'ச', 'ஷ' ஒலிகளில் கரகரப்பாகக் கேட்கிறது. கேட்பது மட்டுமல்ல, சுவர் சிதைந்துகொண்டும் இருக்கிறது. சிதைந்த சுவரை எந்தப் புதிய சாதனமும் திருப்பித் தராது. ஆகவே இதைப் படித்து முடித்ததும், புதிய ஊசி வரும்வரை அந்த எல்.பி. தட்டுகளில் எதையும் போட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன 100 சுற்றுக் கணக்கையும் தம்புராச் சோதனையையும் நீங்கள் இழக்கத் தயாராக இருக்கும் பழைய தட்டு ஒன்றிரண்டில் மட்டும் செய்யுங்கள்.

இருபது நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் ஊசி ஏறக்குறைய 430 மீட்டர் பயணம் செய்கிறது. 500 மணி நேரத்தில் அது சென்னையிலிருந்து திருநெல்வேலி வரையுள்ள தொலைவை, வைரமே ஆனாலும், உரசிக்கொண்டே கடந்துவிடுகிறது. சாதாரண உருண்டை முனை ஊசிகளின் வாழ்நாள் அந்த அளவை ஒட்டித்தான். அதற்கு மேல், உங்கள் ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்பது தெரிந்தாலும் பயனில்லை. வைரத்தைத் தாங்கும் தண்டு ஒரு சிறு ரப்பர் வளையத்தில் பொருந்தியிருக்கிறது. அந்த ரப்பர் பயன்படுத்தாவிட்டாலும் ஆண்டுகள் போகப் போக இறுகிவிடும். ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டது. ஜப்பானின் ஜிகோ போன்றவர்கள் மாற்று ஊசி செய்கிறார்கள், அதை வாங்கி அப்பாவின் கார்ட்ரிட்ஜையே காப்பாற்றலாம். ஆனால் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை, அதற்குக் காரணம் உண்டு.

டி.டி. 160இல் வரும் டி.பி. 16 டோன் ஆர்ம் சற்றுக் கனமானது. அதன் செயல் எடை, அதாவது ஊசி முனை உணரும் அசையும் எடை, 16.5 கிராம். எம்75 வகைபோல மிக மென்மையான தாங்கல் (ஊசித் தண்டைப் பிடித்திருக்கும் ரப்பரின் நெகிழ்வு) உள்ள கார்ட்ரிட்ஜைக் கனமான ஆர்மில் பூட்டினால், இரண்டும் சேர்ந்து ஆடும் இயல்பு அதிர்வெண் 7 ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விடும். நெளிந்த தட்டின் ஏற்ற இறக்கமும், தரையில் நடக்கும் அதிர்வும் அந்த எல்லையில்தான் இருக்கின்றன. விளைவாக ஆர்ம் தள்ளாடும், ஒலிபெருக்கியின் கூம்பு காரணமில்லாமல் முன்னும் பின்னும் அசையும். 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் வருவதே நல்லது. 6.1 கிராம் எடையும் நடுத்தரத் தாங்கலும் கொண்ட ஆடியோ-டெக்னிக்கா வி.எம். 95இ கார்ட்ரிட்ஜ் இந்த ஆர்மில் 9 ஹெர்ட்ஸை ஒட்டி வந்து நிற்கிறது. முட்டை வடிவ முனை, 2 கிராம் அழுத்தம், விலையும் உங்கள் ஒதுக்கீட்டில் சிறு பங்கு. பின்னால் ஆசை வந்தால் கார்ட்ரிட்ஜைக் கழற்றாமல் ஊசியை மட்டும் உருவி, இன்னும் நுண்மையாகச் செதுக்கிய மைக்ரோலீனியர் முனையுள்ள ஊசியைச் செருகிக்கொள்ளலாம். அதற்குச் செலவழிக்கும் பணம், புதிய சுழல்தட்டுக்குச் செலவழிக்கும் பல மடங்கு பணத்தைவிட அதிகமாகக் காதில் தெரியும்.

பூட்டும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். அழுத்தத்தைச் சிறிய டிஜிட்டல் தராசில் அளந்து 2 கிராமுக்கு வையுங்கள், ஆர்மில் உள்ள ஐம்பதாண்டுக் குறியீட்டை நம்ப வேண்டாம். லேசாக வைத்தால் தட்டு தேயாது என்று நம் பெரியவர்கள் நம்பினார்கள். அது சரியல்ல. அழுத்தம் போதாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளி, சரியான அழுத்தத்தைவிட அதிகமாகவே சிதைக்கும். அடுத்து, மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தொலைவுகளில் கார்ட்ரிட்ஜின் முகம் பள்ளத்துக்கு நேராக நிற்கும்படி அளவு அட்டையை வைத்துப் பூட்டுங்கள். கடைசிப் பாட்டு தெளிவாவதற்கு இந்த அரை மணி நேர வேலை போதும். ஏற்கெனவே சிதைந்துவிட்ட தட்டுகளில் மட்டும் கொஞ்சம் கரகரப்பு தங்கும்.

இந்த மூன்றையும் சொல்லும்போது என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் நான் செய்த பிழை ஒன்று நினைவுக்கு வருகிறது. நாகஸ்வரத் தட்டுகளாகவே சேர்த்து வைத்திருந்த பெரியவர் ஒருவர் தம் பழைய சாதனத்தைக் கொண்டுவந்தார். ஒலி கலங்கியிருந்தது. பழசு ஐயா, மாற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவரும் விற்றுவிட்டுப் புதியது வாங்கினார். பின்னர் அதே சாதனம் வேறொருவர் கைவழியாக என்னிடம் வந்தபோது, ஊசியை மட்டும் மாற்றினேன், அது அப்படிப் பாடியது. அவரைத் தேடிச் சொல்வதற்குள் அவர் இல்லை. அன்றிலிருந்து, ஊசியை மாற்றிக் கேட்காமல் எந்தச் சாதனத்தையும் தள்ளச் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இருந்தாலும் பழையதை மாற்றியே தீர வேண்டிய நிலையும் உண்டு. அதையும் நீங்களே பார்த்துவிடலாம். வெளித்தட்டை எடுத்து, பெல்ட்டைக் கழற்றி, உள்தட்டை நேராக மேலே தூக்குங்கள். அதன் நடுவில் உள்ள எஃகுத் தண்டைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும். நகத்தில் தட்டுப்படும் கோடுகள் இருந்தால் அது தேய்ந்துவிட்டது. புதிய எண்ணெய் சில துளி விட்டு மீண்டும் இறக்கும்போது, காற்று மெத்தை தாங்குவதுபோல் அது மெதுவாக அமிழ வேண்டும். டப்பென்று விழுந்தால், அல்லது விளிம்பைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரிந்தால், தண்டு உட்காரும் குழாய்ப் பகுதியில் இடைவெளி விழுந்துவிட்டது என்று பொருள். டோன் ஆர்மையும் எடை சமன் செய்து மிதக்கவிட்டு, லேசாக ஊதிப் பாருங்கள். ஊதிய காற்றுக்கே அது நகர வேண்டும், நகரும் வழியில் எங்கும் தயங்கக் கூடாது. தண்டும் ஆர்மும் இரண்டுமே தேறவில்லையென்றால் நானே புதியதை வாங்கச் சொல்வேன். வீட்டுக்குள் ஓடி ஓய்ந்து, பிறகு மூடிக் கிடந்த சாதனத்தில் இரண்டும் ஒன்றாகக் கெட்டிருப்பதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் நியாயமானதே. பெல்ட்டையும் எண்ணெயையும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவனிக்க உங்களுக்கு விருப்பமோ பொறுமையோ இல்லையென்றால், பெல்ட்டே இல்லாத புதிய நேரடி இயக்கச் சாதனம் உங்களுக்கு நிம்மதியைத் தரும். நிம்மதிக்காகப் பணம் கொடுப்பதில் தவறில்லை. கூடுதல் ஒலித்தரத்துக்காகக் கொடுக்கிறோம் என்று மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக அதைத் துடைத்து ஓடவிட்டவருக்கு அந்தப் பொறுமை இருப்பதாகவே தெரிகிறது. புளூடூத்துக்காக மாற்றுவது தேவையற்றது. வேண்டுமானால் ஆம்பின் பக்கத்தில் ஒரு சிறு கருவியை வைத்துக்கொள்ளலாம். பெட்டி வடிவில், கார்ட்ரிட்ஜையோ அழுத்தத்தையோ மாற்ற முடியாதபடி வரும் மலிவான புதிய சாதனங்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். அவற்றில் பலவற்றிலும் இருப்பது கனமாக அழுத்தும் செராமிக் கார்ட்ரிட்ஜ்.

இப்போது நாற்பது தட்டுகளுக்கு வருகிறேன். மேலைநாடுகளில் 1950களின் இறுதியோடு பெரும்பாலும் ஓய்ந்துபோன 78 வேகத் தட்டுகள் நம் நாட்டில் 1960களிலும் அச்சிடப்பட்டன. ஆகவே ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைத் தட்டுகளும் இருப்பது நம்மிடையே புதுமையல்ல. அந்தக் காலத்து வாய்ப்பாட்டும் நாகஸ்வரமும் பலவும் எல்.பி.யாக மறுபதிப்பு ஆகவே இல்லை. உங்கள் தாத்தாவின் நாற்பதில் வேறெங்கும் கிடைக்காத ஒன்றிரண்டு இருக்கக்கூடும். எல்.பி.யின் பள்ளத்துக்கு ஏறக்குறைய 18 மைக்ரான் ஆரமுள்ள ஊசி முனை போதும், 78க்கு 75 மைக்ரானை ஒட்டிய பெரிய முனை வேண்டும். எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியையும் சிராய்ப்பையும் வாசிக்கும், ஊசியும் விரைவில் பாழாகும்.

இதற்கு உங்கள் ஒதுக்கீட்டின் ஒரு பகுதியில் ஒரு புதிய சாதனத்தை, தோரன்ஸுக்குப் பதிலாக அல்லாமல் அதன் பக்கத்தில் வைப்பதற்காக, வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை. ஆடியோ-டெக்னிக்கா எல்.பி. 120எக்ஸ் யு.எஸ்.பி. என்ற நேரடி இயக்கச் சாதனத்தில் 33⅓, 45, 78 ஆகிய மூன்று வேகங்களும் உண்டு. நான் மேலே சொன்ன அதே வி.எம். 95இ கார்ட்ரிட்ஜோடு வருகிறது. அதே கார்ட்ரிட்ஜில் 78க்கான வி.எம். 95எஸ்.பி. ஊசியைச் செருகிக்கொள்ளலாம், அதற்கு அழுத்தம் அதிகம் என்பதால் ஆர்மின் பின்முனையிலுள்ள எதிர்எடையை மட்டும் மீண்டும் அளந்து வைக்க வேண்டும். கழற்றும் எல்.பி. ஊசி தோரன்ஸில் பூட்டும் கார்ட்ரிட்ஜுக்கு மாற்றாகக் கைவசம் இருக்கும். வேகத்தை ஏற்றி இறக்கும் நழுவுபட்டை இருப்பதும் இங்கே உண்மையான பயன். ஏனெனில் 78 என்று அச்சிட்ட தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதிவானவை அல்ல. பாடகரின் வழக்கமான சுருதி உங்களுக்குத் தெரியுமானால், அதற்கு வரும்வரை பட்டையை நகர்த்துங்கள்.

யு.எஸ்.பி. வழியாக ஒவ்வொரு தட்டையும் கணினியில் பதிந்து வைத்துவிடுங்கள். ஷெல்லாக் என்னும் அரக்குக் கலவையால் ஆன 78 தட்டு கைதவறினால் ஓட்டாஞ்சில்லாகிவிடும், நாற்பதும் நாற்பதாகவே இருக்கும் காலத்தில் இதைச் செய்வது நல்லது. பழைய தட்டுகள் பக்கவாட்டு அசைவில் மட்டும் பதிவானவை. ஆகவே இடம், வலம் இரண்டு தடங்களையும் ஒன்றாகக் கூட்டி மோனோவாக மாற்றினால், மேலும் கீழுமாக வரும் சலசலப்பில் ஒரு பகுதி தானே கழிந்துபோகும். துடைக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: எல்.பி.க்குப் பயன்படுத்தும் ஆல்கஹால் கலந்த திரவத்தை 78 தட்டில் விடாதீர்கள், ஷெல்லாக் அதில் கரையும். வாலைவடிநீரில் மிதமான சோப்புத் திரவம் ஒரு துளி கலந்து, நடுவிலுள்ள பெயர்த்தாள் நனையாமல் துடைத்து, நிழலில் நிறுத்தி உலரவிடுங்கள்.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் தண்டையும் ஆர்மையும் மேலே சொன்னபடி பாருங்கள், அதற்குச் செலவில்லை. அவை தேறினால் பெல்ட், எண்ணெய், இணைப்புச் சுத்தம், புதிய கார்ட்ரிட்ஜ் ஆகியவற்றை முடித்து, ஒரு மாதம் கேளுங்கள். 78க்கான சாதனத்தை அதன் பிறகு வாங்கலாம். தண்டு தேறாவிட்டால் அந்த மூன்று வேகச் சாதனம் ஒன்றே இரண்டு வகைத் தட்டுகளுக்கும் போதும், தோரன்ஸைப் பழுது பார்ப்பது பற்றி அவசரமில்லாமல் யோசிக்கலாம். எந்த நிலையிலும் அதைப் பழைய சாமான்காரரிடம் போட வேண்டாம். அதன் பாகங்களைத் தேடுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

வீட்டில் சாதனத்தை வைக்கும் இடத்தையும் பாருங்கள். தொங்கு சட்டம் சமமட்டத்தில் நின்றால்தான் சரியாக வேலை செய்யும். சுழல்தட்டின் மீது சிறு நீர்மட்டத்தை வைத்து, சுருள்வில்களைச் சரிசெய்து, தட்டை விரலால் மெல்ல அழுத்தி விட்டால் அது மேலும் கீழுமாக மட்டும் ஆட வேண்டும், பக்கவாட்டில் சாய்ந்து ஆடக் கூடாது. மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். தூசி முழுவதும் தட்டில்தான் இறங்கும்.

இதில் எதையும் நீங்களாகச் செய்யத் தயக்கமாக இருந்து, மெக்கானிக்கிடம் கொண்டுபோவதாக இருந்தால், முதலில் வெளித்தட்டையும் எதிர்எடையையும் கழற்றித் தனித்தனியே துணியில் சுற்றுங்கள். ஆர்மை அதன் தாங்கியில் நூலால் கட்டுங்கள். தொங்கும் சட்டத்துக்கும் மேல்பலகைக்கும் இடையே அட்டைத் துண்டுகளைச் செருகி அசையாமல் நிறுத்துங்கள். வெளித்தட்டோடு அப்படியே பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோனால், வழியிலுள்ள ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த 3 கிலோ அந்தத் தண்டின் முனையில்தான் விழும்.